அத்தி எங்கே பூக்கிறது?

[காட்சி: அடிமரத்தை ஒட்டிக் கொத்தாகத் தொங்கும் பச்சை அத்திக்காய்கள்.]

எப்போதாவது ஒருமுறை நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். அத்தி அரிதாகப் பூப்பதில்லை. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள்ளேயே அதன் பூக்கள் மலர்வதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஆல், அரசு, அத்தி, இத்தி உட்பட 750 இனங்களுக்கு மேல் அடங்கிய ஃபைகஸ் பேரினம் முழுவதும் இப்படித்தான் பூக்கிறது.

[காட்சி: நெடுக்காகப் பிளந்த காய். உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள்.]

தேனீயால் நுழைய முடியாத இந்த அறைக்கு நுனியில் ஒரே ஒரு துளை உண்டு. அதையும் செதில்கள் அடைத்திருக்கும். பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் பருவத்தில் காயிலிருந்து ஒரு மணம் கிளம்ப, அதைத் தேடி வருகிறது ஓரிரு மில்லிமீட்டரே நீளமுள்ள பெண் குளவி. செதில்களுக்கிடையே நெருக்கிப் புகும்போது அதன் இறகுகள் பெரும்பாலும் முறிந்துவிடுவதால் பொதுவாக அது வெளியே திரும்புவதில்லை. தான் பிறந்த காயிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றின் சூலகத்தில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. முட்டை விழுந்த பூக்கள் குளவிகளை வளர்க்கின்றன. மகரந்தம் மட்டும் பெற்றவை விதையாகின்றன.

அடுத்த தலைமுறையில் முதலில் வெளிப்படுபவை இறகற்ற ஆண் குளவிகள். பெண்கள் பூவை விட்டு வெளிவரும் முன்னரே அவற்றோடு கூடி, காயின் சுவரைக் குடைந்து வழி திறந்துவிட்டு அவை மடிகின்றன. மகரந்தத்தோடு அந்த வழியாகப் பறப்பவை பெண்கள் மட்டுமே.

சில இனங்களில் விதை தருவதற்கென்றே தனி மரங்கள் உண்டு. அவற்றின் பூக்களில் சூலகத்துக்கு இட்டுச்செல்லும் சூல்தண்டு நீளமாக இருப்பதால், உள்ளே போன குளவியால் அதைத் தாண்டிச் சூலகத்தில் முட்டையிட முடிவதில்லை. மரத்துக்கு மகரந்தம் கிடைக்கிறது, குளவிக்குச் சந்ததி கிடைப்பதில்லை. இதைக் கூட்டுறவு என்று சொல்லச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

[காட்சி: இரவில் கனிந்த ஆலமரம். வௌவால்கள் வந்து போகின்றன.]

இறகு முளைத்த பெண் குளவியின் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். ஒரு மரத்தின் காய்கள் பல இனங்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முதிர்வதால், அது அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தைத் தேடிப் போக வேண்டும். நமீப் பாலைவனத்தில் இத்தகைய குளவிகள் காற்றோடு 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைக் கொண்டுசென்றது கண்டறியப்பட்டுள்ளது. அத்தனை தூரம் போனாலும், போய்ச் சேருமிடத்தில் ஏற்ற பருவத்தில் ஒரு காய் இருந்தால்தான் பயன் உண்டு. ஆகவே ஓர் இனத்தின் மரங்கள் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாக ஓய்ந்தால் குளவி அழிந்துவிடும். மரத்துக்கு மரம் காலம் மாறி, ஆண்டு முழுவதும் எங்காவது ஒன்று பூத்தாக வேண்டும்.

இந்தக் கட்டாயம்தான் காட்டின் பசியாற்றுகிறது. மற்ற மரங்களில் கனியில்லாத மாதங்களிலும் ஏதோ ஓர் ஆலோ அத்தியோ பழுத்திருப்பதால், இருவாச்சிகள், குரங்குகள், பழந்தின்னி வௌவால்கள் என 1,200க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் இக்கனிகளை உண்கின்றன. அவற்றின் எச்சத்தோடு விதைகளும் காடெங்கும் பரவுகின்றன.

[காட்சி: வறண்ட மழைக்காடு.]

இந்தத் தொடர்ச்சி ஒருமுறை அறுந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டனர். 1998 ஜனவரி முதல் மார்ச் வரை, எல் நினோவால் வடக்கு போர்னியோவில் கடும் வறட்சி நிலவியது. சரவாக்கிலுள்ள லம்பீர் ஹில்ஸ் தேசியப் பூங்காவில், ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக உள்ள அத்தி இனங்கள் பூப்பதில் பெரும் இடைவெளி விழுந்தது. சில நாள் ஆயுளே உள்ள குளவிகளால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியவில்லை. வறட்சி நீங்கி ஆறு மாதமாகியும், அங்கிருந்து மறைந்த குளவி இனங்களில் பெரும்பாலானவை திரும்பி வந்திருக்கவில்லை.