அப்பா ஸ்காட்லாந்துக்காரர், பதவி போச்சு

வணக்கம் மக்களே. மெல்பர்னில் இன்று லீவு. ஜூன் குளிரில் வெளியே போக மனசில்லை, கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எதற்கு லீவு? மன்னர் பிறந்தநாளாம். சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. குவீன்ஸ்லாந்துக்காரர்களுக்கு இதே பிறந்தநாள் அக்டோபரில் வரும். ஒரே ஆளுக்கு எத்தனை பிறந்தநாள்!

லீவு இருக்கட்டும், மன்னர் வேண்டாம் என்பது என் கட்சி.

இங்கே அரசியல் சாசனத்தில் 44வது பிரிவு என்று ஒன்று உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை இருந்தால் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. 2017இல் இதை வைத்துப் பெரிய களேபரமே நடந்தது. அக்டோபர் 27 அன்று ஹை கோர்ட் (இங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) ஐந்து பேர் தேர்வானதே செல்லாது என்றது. துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸும் அதில் ஒருவர். அவர் அப்பா பிறந்தது நியூசிலாந்தில். செனட்டர் ஃபியோனா நாஷ் சிட்னியில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் பிரிட்டிஷ் குடியுரிமை தானாக ஒட்டிக்கொண்டது. பதவி போச்சு.

சரி, அந்தச் சட்டத்துக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர் யார்? லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மன்னர்! "இல்லை, அவர் ஆஸ்திரேலியாவின் மன்னர், சட்டப்படி அது தனிப் பதவி" என்று சிலர் கமெண்ட் போடுவீர்கள். தனிப் பதவிதான். ஆனால் இங்கே பிறந்த ஒரு பிள்ளை அதற்கு ஆசைப்பட முடியுமா?

நான் குடியுரிமை வாங்கியபோது ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும்தான் உறுதிமொழி சொன்னேன். 1994இலேயே அதிலிருந்து அரசி பெயரை எடுத்துவிட்டார்கள். எம்.பி.க்கள்தான் பாவம், இன்றும் மன்னருக்கு விசுவாசம் சொல்லிப் பதவியேற்கிறார்கள்.

அப்புறம் ஏன் மன்னருக்குப் பதில் குடியரசுத் தலைவர் என்ற யோசனை 1999 நவம்பர் 6 வாக்கெடுப்பில் தோற்றது? கிட்டத்தட்ட 55 சதவீதம் பேர் 'நோ'. ஒரு மாநிலம்கூட 'யெஸ்' சொல்லவில்லை. எல்லாம் மன்னராட்சி மேல் பாசம் என்று நினைக்காதீர்கள். நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் என்பது அன்றைய திட்டம். "எங்கள் தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம்" என்ற குடியரசுக்காரர்கள் பலரும் எதிர்த்துக் குத்தினார்கள்.

எனக்கு அந்தத் திட்டம்தான் பிடிக்கும். ஓட்டே வாங்காத கவர்னர் ஜெனரல் (இங்கே அரசியின் பிரதிநிதி) ஜான் கெர், 1975இல் பிரதமர் கஃப் விட்லமை வீட்டுக்கு அனுப்பினார். நாடு முழுக்க ஓட்டு வாங்கி வருபவர் சும்மா இருப்பாரா? யாராக இருந்தாலும், எந்த அதிகாரம் எதுவரை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

காமன்வெல்த்தை விட்டுப் போக வேண்டியிருக்குமே என்று பயப்படாதீர்கள். குடியரசாகவும் இருப்போம், காமன்வெல்த்திலும் இருப்போம் என்று இந்தியா 1949இலேயே லண்டனில் பேசி முடித்துவிட்டது.

நேரடித் தேர்தல்தான் வேண்டும் என்பவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் உட்கார்ந்து சண்டை போடலாம்.