ஆயில் இன்ஜினில் பம்பு டைமிங் சரிபார்ப்பது எப்படி?

(காட்சி: பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிணற்றடி. கொட்டகைக்குள் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்.)

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களில் பலர், மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று ஓர் ஆயில் இன்ஜினை இன்றும் வைத்திருக்கிறார்கள். அது கரும்புகை விட்டாலோ இழுவை குறைந்தாலோ, டைமிங், அதாவது டீசல் தெளிக்கத் தொடங்கும் நேரம், போய்விட்டது என்று சொல்லி, டீசலை அழுத்தி அனுப்பும் பம்பை உடனே கழற்றிவிடும் வழக்கம் உண்டு. ஆனால் டைமிங் அவ்வளவு எளிதில் தானாக மாறுவதில்லை. பம்பைக் கழற்றி மாட்டும்போது அடியிலுள்ள ஷிம் என்ற மெல்லிய தகடு மாறிப்போவதாலோ, பம்பை இயக்கும் கேமும் (சுழலும் மேட்டுத் துண்டு) அது தூக்கிவிடும் டேப்பெட்டும் தேய்ந்துபோவதாலோதான் பெரும்பாலும் மாறுகிறது. எனவே ஏர் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நாசில், வால்வு இடைவெளி ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள்.

(காட்சி: பிஸ்டன் மேலேறும் வரைபடம்.)

பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு உச்சியை நெருங்கும்போது, உச்சிக்குச் சில பாகைகள் முன்னதாகவே டீசல் தெளிக்கத் தொடங்கவேண்டும். தெளித்த துளி ஆவியாகிப் பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதே காரணம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜினில், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிராங்க் 9 பாகை கடந்துவிடுகிறது. தெளிப்பு பிந்தினால் புகையும் சூடும் கூடும், இழுவை குறையும். முந்தினால் 'டக் டக்' என்று தட்டும். அந்தக் கூர்மையான சத்தத்தை இன்ஜினின் வேகம் என்று எண்ணிப் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள், ஆனால் பேரிங்கும் பிஸ்டனும் அந்த அடியைத்தான் வாங்குகின்றன. காதை மட்டும் நம்பி டைமிங் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

(காட்சி: பம்பின் தலைப்பகுதி, மிக அருகில்.)

டீசல் குழாயை மூடி, பம்பைச் சுற்றித் துடைத்துவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப்பைக் கழற்றுங்கள். பம்பின் தலையில் டெலிவரி வால்வைப் பிடித்திருக்கும் ஹோல்டரைத் திறந்து, ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துச் சுத்தமான டீசலில் போட்டுவைத்து, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக்கு, இன்ஜின் ஓடும் நிலையில் இருக்கவேண்டும். நிறுத்தும் நிலையில் இருந்தால் டீசல் நிற்கவே நிற்காது. இப்போது டீசலைத் திறந்து, காற்று உள்ளே வரும், புகை வெளியே போகும் இரு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த ஓட்டத்தில், பிளைவீலை அது ஓடும் திசையிலேயே மெதுவாகத் தள்ளுங்கள். ஹோல்டர் வாயில் வழிந்துகொண்டிருக்கும் டீசல் மெலியும், சொட்டாகும். கடைசிச் சொட்டு விளிம்பில் திரண்டு, விழாமல் நிற்கும். தெளிப்பு தொடங்கும் இடம் அதுதான். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள், இல்லையென்றால் பற்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும்.

அப்போது பிளைவீலிலுள்ள தெளிப்புக் குறி, குறிகாட்டும் முள்ளுக்கு நேராக நிற்கவேண்டும். குறி அழிந்திருந்தால், உச்சிக் குறியிலிருந்து அளந்துகொள்ளலாம்: பிளைவீலின் சுற்றளவு 1800 மில்லிமீட்டர் என்றால் ஒரு பாகைக்கு 5 மில்லிமீட்டர். எத்தனை பாகை என்பதை அந்த இன்ஜினின் கையேடே சொல்லவேண்டும். வேறொரு இன்ஜினின் அளவை இதற்கு வைக்காதீர்கள்.

கேமின் மேல் நேராக உட்காரும் பம்பில், அடியில் ஷிம் சேர்த்தால் தெளிப்பு பிந்தும், எடுத்தால் முந்தும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சொட்டை மறுபடி பாருங்கள். டிராக்டர்களில் பம்பைப் பொருத்தும் ஃபிளாஞ்சின் நீள் துளைகளைத் தளர்த்தி, பம்பின் உடலையே சற்றுத் திருப்புவார்கள். பம்பு ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முந்தும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள காமன் ரெயில் இன்ஜினில் இந்த வேலையே கிடையாது, தெளிப்பைக் கணினி தீர்மானிக்கிறது.

வால்வையும் ஸ்பிரிங்கையும் புது வாஷருடன் மாட்டி, லைனில் காற்று எடுத்துவிட்டு, இன்ஜினை ஓட்டுங்கள். நாசில் முனைக்கு எதிரே கையைக் கொண்டுபோகவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சூடேறியபின், தண்ணீர் இறைக்கும் பளுவோடு புகையைக் கவனியுங்கள். தட்டலும் கரும்புகையும் இல்லையென்றால், போட்டிருக்கும் ஷிம்மின் கனத்தைக் கொட்டகைச் சுவரில் எழுதிவையுங்கள். அடுத்து பம்பைக் கழற்றுகிறவருக்கு அது உதவும்.