துணி எதில் தொங்குகிறது? கற்பனை உயிர்களுக்கு உடை வடிவமைப்பது பற்றி ஓர் உரை

வணக்கம்.

விளையாட்டுக்கும் சித்திரக்கதைக்கும் மேடைக்கும் பாத்திரம் வரைபவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தையல் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு கேள்வி: நாம் போட்டிருக்கும் சட்டை எதில் தொங்குகிறது? கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை இருக்கிற நான்கைந்து அங்குலத்தில். பேன்ட், பாவாடை, வேட்டி? இடுப்பெலும்பின் மேல் விளிம்பில். மனிதர் உடுத்துவதில் பெரும்பாலானவற்றைத் தாங்குவது இந்த இரண்டு இடங்கள்தான். மற்றதெல்லாம் அங்கிருந்து வழிந்து இறங்கும் துணி.

கற்பனை உயிரை வரையும்போது இந்த இரண்டில் ஒன்றையாவது நாம் பறித்துவிடுகிறோம். இறக்கை வைத்தால் முதுகு போய்விடுகிறது. பாம்புடல் வைத்தால் இடுப்பு போய்விடுகிறது. அப்படியும் கை பழக்கத்தில் அதே சட்டையை, அதே பேன்ட்டை வரைந்து இரண்டு ஓட்டை போட்டு முடிக்கிறது. படத்தில் அது நன்றாகத்தான் இருக்கும். அந்த உயிரை நடக்க விட்டால் நழுவும், குனிய விட்டால் கிழியும். ஆகவே தாளை எடுத்ததும் முதலில் தொங்குமிடத்தைக் குறியுங்கள். நிறமும் பூவேலையும் அதற்குப் பிறகு.

காலில் தொடங்குகிறேன். ஓநாய்க்கால், ஆட்டுக்கால், புலிக்கால் ஆகியவற்றைத்தான் அதிகம் வரைகிறோம், அதிகம் பிழை செய்வதும் அங்கேதான். "முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது" என்று சொல்வார்கள். அது முழங்காலே அல்ல, கணுக்கால். பின்னால் துருத்தி நிற்கும் முனை குதிகால் எலும்பு. நாய் விரல்களில் நடக்கிறது, குதிரை ஒற்றை விரலின் நுனியில் நிற்கிறது. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்னோக்கி இருக்கிறது. அதாவது இந்தக் காலில் இரண்டு மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன.

மூட்டு மடங்கும்போது அதன் வெளிவளைவில் துணி போதாமல் போகும், உள்வளைவில் மிஞ்சும். நம் பேன்ட்டில் முழங்கால் முட்டிக்கொண்டு தேய்வது இதனால்தான். விலங்குக் காலில் முழங்காலுக்கு முன்புறமும் குதிகாலுக்குப் பின்புறமும் கூடுதல் நீளம் வேண்டும். குதிரைக்கு இன்னொன்றும் சேர்கிறது. அதன் பின்காலில் இந்த இரு மூட்டுகளும் தசைநார்களால் பிணைந்தவை, ஒன்று மடங்கினால் மற்றதும் மடங்கியே தீரும். இரண்டு இடத்திலும் ஒரே நொடியில் துணி கேட்கும். ஓரிடத்து மிச்சத்தை இன்னோரிடம் இழுத்துக்கொள்ள வழியில்லை.

எவ்வளவு கூட்டுவது? ஊகம் வேண்டாம். பொம்மையிலோ கம்பிச் சட்டத்திலோ காலை நீட்டி வைத்து, மூட்டின் வெளிவளைவு மேல் ஒரு நூலை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். பிறகு முழுதாக மடக்கி அதே இரு புள்ளிகளுக்கு இடையே மீண்டும் அளங்கள். முதலில் 38 செ.மீ., பிறகு 50 என்றால், கூட்ட வேண்டியது 12. அதை மூன்று மடிப்பாக, ஒவ்வொன்றும் 4 செ.மீ. விழுங்கும்படி முழங்காலுக்கு முன்னால் வையுங்கள். மடிப்பின் இரு ஓரத்தையும் பக்கத் தையலில் பிடித்துவிட்டு நடுவைத் திறந்தே விடுங்கள். குதிகாலுக்கு மடிப்பு சரிவராது, அந்த எலும்பு கூர்மையாக இருப்பதால் மடிப்பின் விளிம்பு தேய்ந்துபோகும். இலை வடிவத்தில் ஒரு துண்டு வெட்டிக் குறுக்கே வைத்துத் தையுங்கள்.

இங்கே தையல்காரர் தவறுவது ஓரிடத்தில். முன்துண்டு முழங்காலில் நீளம், பின்துண்டு குதிகாலில் நீளம். மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்துவிடும். அதைப் பார்த்து எந்திரத்தில் நேராக ஓட்டிவிட்டால் முன்துண்டின் மிச்சம் கெண்டைக்காலுக்கு இறங்கி, கால் முறுக்கிக்கொள்ளும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரு துண்டிலும் ஒரு வெட்டுக்குறி போட்டு, அந்தக் குறிகளை முதலில் சேர்த்து ஊசி குத்திவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

குதிகாலுக்குக் கீழே கால் ஒல்லி, பாதமோ அகலம். பாதம் நுழையும் அளவுக்கு வாய் வைத்தால் கீழே தொளதொளக்கும், காலைப் பிடிக்கும்படி வைத்தால் பாதம் நுழையாது. என் முடிவு, பேன்ட்டைக் கெண்டைக்காலின் நடுவிலேயே நிறுத்திவிடுவது. அதற்குக் கீழே 10 செ.மீ. அகலத் துணிப்பட்டையைக் கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றலாம். இறுக்கம் வேண்டாம். குதிரைக் காலில் இறுகிய கட்டு தசைநாரைக் கெடுக்கும் என்பது குதிரை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். சிதம்பரத் தலக்கதையின் வியாக்ரபாதர் வழுக்காமல் மரமேறிப் பூப்பறிக்கத்தான் புலிக்கால் கேட்டுப் பெற்றார். அப்படிப்பட்ட காலுக்கு முழங்காலுக்கு மேல் நிற்கும் ஆடையே பொருத்தம். கால் எதற்கு இருக்கிறதோ, அந்த வேலையைத் துணி தடுக்கக் கூடாது.

வால். வாலுக்கு ஓட்டை போடாதீர்கள். அடியைவிட நடுவில் புசுபுசுவென்று இருக்கும் வாலை ஓட்டையில் இழுத்து எடுப்பது பெரும்பாடு. இடுப்புப்பட்டியிலிருந்து வாலின் அடிவரை நெடுக்கில் திறப்பு வையுங்கள். வாலைப் பக்கவாட்டில் உள்ளே விட்டு, மேலே 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு பட்டன் போடலாம். திறப்பின் கீழ்முனை கூராக இருந்தால் வால் ஆடும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து கிழியும். நீர்த்துளி வடிவில் உருட்டி வெட்டி, கிராஸ் பட்டி, அதாவது சாய்வாக வெட்டிய துணிப்பட்டை, வைத்து முடியுங்கள். பேன்ட்டின் பின்நடுத் தையல் சரியாக வாலடியில் வந்து விழுவது இன்னொரு தொல்லை. அதை எடுத்துவிட்டு வாலுக்கு இருபுறமும் இரண்டு தையலாகப் பிரித்துவிடுங்கள்.

குதிரை மனிதனுக்குப் பேன்ட் முன்காலிலா பின்காலிலா என்று கேட்பார்கள். இரண்டிலும் வேண்டாம். நாளொன்றுக்குப் பத்து முறை போல லத்தி போடும் உடலை, தன் கை எட்டாத இடத்தில், துணியால் மூடுவது கொடுமை. அந்தக் கை எட்டாமைதான் இந்த உருவத்தின் மையப் பிரச்சினை. மனித உடல் குதிரையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. அங்கிருந்து எவ்வளவு திரும்பினாலும் கை நடுமுதுகு வரைக்கும் போனால் அதிகம். ஆகவே கொக்கி, நாடா, பக்கிள் எல்லாமே முன்னங்காலுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

குதிரைப் போர்வையைப் பாருங்கள், நமக்கு முன்பே பல சிக்கல்களை அது தீர்த்து வைத்திருக்கிறது. முன்கால் எட்டி வைக்கத் தோளில் முக்கோணத் துண்டு, வயிற்றின் கீழ் குறுக்கே போகும் இரண்டு வார்கள். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கையகலம் இடம் விடுவார்கள். அதைவிடத் தொங்கினால், குதிரை படுத்து எழும்போது குளம்பு மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் போர்வையை மார்பில் பூட்டும் இடத்தில்தான் நம் பாத்திரத்துக்கு மனித வயிறு தொடங்குகிறது. தரையில் கிடப்பதை எடுக்கக் குனியும்போது அதிகம் மடங்குவதும் அதே இடம். அங்கே மேலாடையையும் போர்வையையும் சேர்த்துத் தைத்தால் முதல் நாளே தையல் விடும். இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். மேலாடையின் கீழ்விளிம்பு 15 முதல் 20 செ.மீ. வரை போர்வைக்கு மேலே விழட்டும். கூரை ஓடு போல மேலது கீழதை மூடினால்தான் மழைநீர் வெளியே வழியும். பின்புறம் எதிலும் கட்ட முடியாததால் போர்வையின் ஓரத்தில் மணிச்சங்கிலி கோத்துக் கனம் கொடுங்கள். பலமான காற்றில் அதுவும் போதாது. இந்த உயிர்கள் ஒருவருக்கொருவர் உடுத்திவிடும் வழக்கம் உள்ளவை என்று கதையிலேயே எழுதிவிடலாம். உடையிலிருந்து ஒரு சமூகத்தின் பழக்கம் பிறப்பதை மிக அழகான விஷயமாக நான் நினைக்கிறேன்.

இறக்கைக்கு வருவோம். வௌவால் வகையா, பறவை வகையா என்று முதலில் முடிவெடுங்கள். வௌவாலின் சவ்வு விலாவின் நெடுக ஒட்டிப் பின்னங்கால் வரை போகிறது. உடலைச் சுற்றி எந்தத் துணியையும் கொண்டுபோக முடியாது. கழுத்தில் தொடங்கி, முன்னால் இறங்கி, கால்களுக்கு நடுவே போய், முதுகில் ஏறி மீண்டும் கழுத்துக்கே வரும் ஒற்றை நீளத் துணிதான் வழி. கோவணம் கட்டும் முறையை இடுப்புக்குப் பதில் கழுத்தில் தொங்கவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கைகளும் இருந்து முதுகில் சிறகும் இருந்தால், சட்டையை முன்னாலிருந்து போட வேண்டும், ஏப்ரனைப் போல. கழுத்திலிருந்து இரு சிறகடிகளுக்கு நடுவே ஒரு பட்டை இறங்கட்டும். பக்கத் துண்டுகள் சிறகுக்குக் கீழே போய் அந்தப் பட்டையின் மேல் ஒன்றையொன்று கடந்து, முன்வயிற்றில் வந்து முடியட்டும். சிறகடியைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள். அந்த வளையத்துக்குள் தையலே வரக் கூடாது, இறகின் அடி அங்கே முளைக்கிறது. பறக்கும் பறவைக்கு மார்புத்தசை மட்டுமே உடல் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கும், நடுவில் கத்தி போன்ற மார்பெலும்பும் உண்டு. ஆகவே முன்துண்டுக்கு ஆழம் வேண்டும். தட்டையான மார்பில் தைத்த சட்டையில் ஒருமுறை சிறகடித்தால் பட்டன் தெறிக்கும்.

நான்கு கைகள் என்றதும் நான்கு சட்டைக்கை வரைகிறோம். மேல்கை உயரும்போது கீழ்க்கை இறங்கினால், இரு கைக்குழிக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய துணி இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிழியும். பல செப்புத் திருமேனிகளில் பின்கை, முழங்கைக்கு மேலிருந்தே கிளை பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். உற்சவருக்கு வஸ்திரம் சாத்துபவர் கைகளுக்கு உறை தைப்பதில்லை, துணியைக் கொசுவி, மடித்து, கட்டி, கைகளை வெளியே விடுகிறார். தைத்தே ஆக வேண்டுமென்றால் மேல்கைகளுக்குத் தோளில் தொங்கும் குட்டைச் சட்டையும், கீழ்க்கைகளுக்கு அகலமான இடுப்புப்பட்டியிலிருந்து ஏறும் தனி ஆடையும் கொடுங்கள். கைக்குழியை அக்குளை ஒட்டி உயரமாக வெட்டுங்கள். இறக்கி வெட்டினால் தாராளமாக இருக்கும் என்று தோன்றும். நேர்மாறாக, கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே ஏறும்.

நாகருக்கு இடுப்பு இல்லை. எந்தப் பாவாடையும் ஊரும்போது பின்னால் உருவிக்கொண்டு போகும், தோளிலிருந்து வார் போட்டுத்தான் தாங்க வேண்டும். வயிற்றுச் செதில்கள் தரையைப் பற்றித்தான் பாம்பு நகர்கிறது, அந்தப் பக்கத்தை மூடவே கூடாது. இரை விழுங்கினால் சுற்றளவு கூடும் என்பதால் பட்டன் வேண்டாம், நாடா போதும். கடல்கன்னிக்குப் பருத்தி வேண்டாம், நீரைக் குடித்துக் கனக்கும். கழுத்தில் செவுள் இருந்தால் காலரும் வேண்டாம்.

ரோமம் உள்ள உயிருக்கு உடை குளிருக்காக அல்ல, பைக்காகவும் முள்ளுக்காகவும்தான். லைனிங் வழுவழுப்பாக இருக்கட்டும், சொரசொரத் துணி ரோமத்தைச் சடையாக்கிவிடும். நகம் நீண்ட கைக்குச் சிறு பட்டனும் காஜாவும் எட்டாத வேலை, மரக்குச்சியும் கயிற்று வளையமும் கொடுங்கள். கொம்பிருந்தால் தலைவழி போடும் எதுவும் ஆகாது.

கடைசியாக, விலையுயர்ந்த துணியை வெட்டுவதற்கு முன் காடா துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். சிறிய பொம்மைக்குத் தைத்தால் மெல்லிய மல் துணி எடுங்கள், துணியின் விறைப்பு பொம்மையோடு சேர்ந்து சுருங்காது. வெட்டுமுன் 5 செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், பொம்மைக்கு அதே விகிதத்தில் சிறிதாக. அணிவித்து, அந்த உயிரை உட்கார வையுங்கள், குனிய வையுங்கள், படுக்க வையுங்கள், எல்லாக் கையையும் தூக்க வையுங்கள். கட்டம் எங்கே சாய்கிறதோ அங்கே துணி இழுபடுகிறது. தயங்காமல் அந்த இடத்தில் கத்தரியை விட்டு வெட்டித் திறந்துவிடுங்கள். துணி விலகி ஓர் இடைவெளி விரியும். அதன்மேல் ஒரு தாளை வைத்து விளிம்பை வரைந்துகொண்டு, சுற்றிலும் ஒன்றரை செ.மீ. தையலுக்கு விட்டு வெட்டினால், அங்கே வைத்துத் தைக்க வேண்டிய துண்டு அதுதான்.