மேற்பரப்புல மட்டும் ஓடுற கரண்ட்: சேலத்துல பேசினது

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்த வெயில்லயும் மெனக்கெட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோசம்.

மேசை மேல இருக்கிறது நம்ம கஞ்சமலை கல்லு. காந்தத்தை கிட்ட கொண்டு போறேன், பாருங்க, டக்குனு ஒட்டிக்கிச்சு. மேக்னடைட்டு. இந்த இழுப்பு எங்க இருந்து வருதுன்னா, உள்ள இருக்கிற எலக்ட்ரான் ஒவ்வொண்ணும் ஒரு குட்டி காந்தம்ங்க, அந்த குணத்துக்குத்தான் ஸ்பின்னு பேரு. பம்பரம் மாதிரி நெசமாவே சுத்துதுன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. ஒரு திசைய வச்சு அளந்தா மேல இல்லனா கீழ, ரெண்டே பதில்தான் வரும்.

இப்ப சீரியம், சமேரியம் மாதிரி உலோகங்கள எடுத்துக்கிட்டா, அதுல எஃப் எலக்ட்ரான்னு ஒரு வகை, வீட்டை விட்டு வெளிய வராது, தன் அணுவோடயே கிடக்கும், ஆனா ஸ்பின் இருக்கும். பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கிற எலக்ட்ரான் அந்த ஸ்பின்னோட சிக்கிக்கும். இப்படி சிதறுறதை 1964ல ஜப்பான்காரர் ஜுன் கொண்டோ கணக்கு போட்டு காட்டுனாரு. நல்லா குளிர வச்சா ரெண்டும் ஒண்ணா கலந்து, என்னமோ நூத்துக்கணக்கான மடங்கு எடை கூடுன மாதிரி மெதுவா நகரும். ஹெவி ஃபெர்மியான்னு சொல்றது இதைத்தான். 1975ல சீரியம் அலுமினியம் சேர்மத்துல அளந்தப்ப, அந்த எடைய காட்டுற மாதிரி எலக்ட்ரான் வாங்கிக்கிற வெப்பம் செம்போட ஒப்பிட்டா ரெண்டாயிரம் மடங்குக்கு மேல வந்துச்சு.

இன்னைக்கு நான் பேச வந்தது சமேரியம் ஹெக்ஸாபோரைடு, சமேரியமும் போரானும் சேர்ந்த ஒரு கிரிஸ்டல். இதுல அந்த கலப்பு நடந்ததும் உள்பக்கம் கரண்டை கடத்தாத இன்சுலேட்டராவே ஆயிடும். குளிர வைக்க வைக்க ரெசிஸ்டன்ஸ் பல ஆயிரம் மடங்கு ஏறிக்கிட்டே போகும், சுமார் 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரிக்கு வந்ததும் ஏற வேண்டியது ஏறாம அப்படியே நின்னுடும். 1969லயே இதை பார்த்துட்டாங்க. ஏதோ அழுக்கு கலந்திருக்கும்னுதான் ரொம்ப பேர் நினைச்சாங்க, நாப்பது வருசம் ஓடிப்போச்சு. அந்த நாப்பது வருசம் எனக்கு மனசை உறுத்துது, ஏன்னா பதில் அந்த கிராஃப்லயேதான் இருந்துச்சு.

2010ல டிஸெரோ, சன், கலிட்ஸ்கி, கோல்மன் நாலு பேரும் சேர்ந்து, உள்ள இன்சுலேட்டரா இருந்தாலும் மேற்பரப்பு கண்டிப்பா கரண்டை கடத்தணும்னு எழுதுனாங்க. சரி, எப்படி சோதிக்கிறது? காந்தப்புலத்துல வச்சு கரண்ட் விட்டா குறுக்கால ஒரு வோல்டேஜ் வரும், ஹால் வோல்டேஜ்னு பேரு, துண்டு மெலிசானா அது கூடணும். கிரிஸ்டலை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா செஞ்சு அளந்தாங்க. சூடா இருக்கும்போது ஒழுங்கா கூடுச்சு. நல்லா குளிர வச்சதும் தடிமனுக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமே இல்லாம போச்சு! கரண்ட் முழுக்க மேலயே ஓடுது, உள்ள எவ்வளவு தடியா இருந்தா என்ன?

செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் டீ குடிக்கறப்ப கேட்டாரு, அப்ப இது முலாம் பூசுன மாதிரியா சார்னு. நல்ல கேள்விங்க அது. முலாம்னா அரத்தை வச்சு ராவுனா போயிடும், உள்ள இருக்கிற உலோகம் தெரிஞ்சிடும். இதை ராவுனா புதுசா வெளிய வர்ற பரப்பும் கடத்தும், ரெண்டா வெட்டுனா வெட்டுன முகமும் கடத்தும். ஏன்னா யாரும் மேல பூசல, உள்ள இருக்கிற எலக்ட்ரான் அமைப்பே வெளியில வெற்றிடத்தை சந்திக்கிற எடத்துல இப்படி ஒரு பாதைய உண்டாக்கிக்குது. இந்த குணத்தைத்தான் டோபாலஜின்னு சொல்றாங்க.

ஸ்பின் விசயம் இங்கதான் வருது. உள்ள கிரிஸ்டல் எல்லா பக்கமும் சமச்சீர், அதனால மேல் ஸ்பின்னும் கீழ் ஸ்பின்னும் சரிசமம். மேற்பரப்புல ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் வெற்றிடம், அந்த சமம் உடைஞ்சு எலக்ட்ரான் ஓடுற திசைக்கு குறுக்கால ஸ்பின் கட்டிப்போட்ட மாதிரி நின்னுக்கும். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்துல வட்டமா கும்மி அடிக்கிறத மனசுல வச்சுக்கோங்க, நடுவுல இருந்து பார்த்தா ஒருத்தர் எந்த பக்கம் நிக்கிறாரோ அது எலக்ட்ரான் ஓடுற திசை, வட்டத்துல சுத்தி நடக்கும்போது அவர் முகம் பார்க்கிற பக்கம் ஸ்பின். எதிரெதிர நிக்கிற ரெண்டு பேர் முகமும் நேர் எதிராத்தான் இருக்கும் இல்லீங்களா? 2014ல சுவிட்சர்லாந்துல ஒளிய பாய்ச்சி எலக்ட்ரானை வெளிய தள்ளி, அதோட ஸ்பின்ன அளந்தவங்க இதே வட்டத்தைத்தான் பார்த்தோம்னு வெளியிட்டாங்க.

அப்ப ஓடுற எலக்ட்ரான் நேரா திரும்பி வரணும்னா ஸ்பின்னையும் தலைகீழாக்கணும். சாதாரண அழுக்கால அது முடியாது, காந்தம் உள்ள அணுவால முடியும். காந்தம் இல்லாத இட்ரியத்தை கொஞ்சம் கலந்து பார்த்தாங்க, மேற்பரப்பு கரண்ட் அப்படியே இருந்துச்சு, காந்தம் உள்ள கடோலினியத்தை கலந்தாங்க, போயே போச்சு. எனக்கு இருக்கிறதுலயே பிடிச்ச பரிசோதனை இதுதாங்க, பெரிய மெசினு கூட இல்லாம ஸ்பின்கிட்டயே நேரா கேள்வி கேட்ட மாதிரி.

ஆனா 2018ல இன்னொரு குழு, இது சாதாரண மேற்பரப்பு கடத்தல்தான், டோபாலஜி எல்லாம் இல்லைன்னு எழுதுனாங்க. அவங்கள நான் தள்ளிவிட மாட்டேன். இந்த கிரிஸ்டலை உடைச்சா ஒரு எடத்துல சமேரியம் மேல நிக்கும், ஒரு எடத்துல போரான் மேல நிக்கும், ரெண்டு எடத்துலயும் எலக்ட்ரான் ஒரே மாதிரி நடந்துக்கறதில்ல, அதனால யார் எந்த துண்டுல எந்த முகத்தை பார்த்தாங்கன்னு முதல்ல கேட்கணும். கடோலினியம் கணக்கை வச்சு நான் டோபாலஜி பக்கம்தான் நிக்கிறேன். எதிர்த்து பேசணும்னா பேசுங்க, மைக்க பின்னாடி வரிசைக்கு அனுப்பறேன்.