அஞ்சு ரூபா எலுமிச்சை ஆயிரக்கணக்குல போகுது! நெல்லைச் சபைகளோட ஏலத்துல என்னதான் நடக்குது?

[திரையில்: கிறிஸ்தவக் கோயில் வளாகம், சாமியானாப் பந்தல். மைக் பிடிச்ச ஒருத்தர் கையில ஒத்தை எலுமிச்சம்பழம்]

"ஆயிரம் ஒரு தரம்... ஆயிரம் ரெண்டு தரம்... அண்ணாச்சி ஆயிரத்து ஐநூறு! அங்க யாரு கையத் தூக்குனது? தலையச் சொறிஞ்சாலும் கணக்குல எழுதிருவேன், பாத்துக்கிடுங்க!"

வணக்கம் மக்களே. அவர் கையில இருக்கிறது சாதாரண எலுமிச்சம்பழம். சந்தையில அஞ்சு ரூபா, கோடை வந்தா பத்து. அதை ஆயிரத்து ஐநூறுக்கு எடுத்தவர் என்ன பண்றார் பாருங்க. பையில போடல. நேரா மைக் பிடிச்சவர்கிட்டயே நீட்டி, "திரும்ப விடுங்க"ன்னு சொல்றார். அடுத்து இன்னொருத்தர் எடுக்கறார், அவரும் திருப்பிக் குடுக்கறார். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பழம் நாலு பேருக்குச் சொந்தமாகி, கடைசியில யார் வீட்டுச் சர்பத்துல விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள்ல ஸ்தோத்திரப் பண்டிகை, அதாவது கடவுளுக்கு நன்றி சொல்ற பண்டிகை, பாத்தவங்களுக்கு இது புதுசில்ல. வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு மட்டும், "இவங்களுக்கு எதும் ஆயிருச்சா"ன்னு தோணும். ஒண்ணும் ஆகல. விஷயம் இருக்கு. சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிருங்க, நாம நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் பூமியான தேரிக்காட்டுக்குப் போவோம்.

[திரையில்: பழைய வரைபடம், வேகமாக]

முதல்ல வரலாறு. பிடிக்காதவங்க கொஞ்சம் தள்ளி விட்டுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். 1780-ல பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டுல இருந்தது 40 பேரு. குளோரிந்தா அம்மா அங்க கட்டின கோயில் 1785-ல. 1799-ல முதலூர், பேருக்கு ஏத்த மாதிரியே நெல்லைச் சீமையில கிறிஸ்தவங்களுக்குன்னு உண்டான முதல் ஊரு. 1820-ல மிஷனெரி ரேனியஸ் ஐயர் வந்தார் (இங்க பாதிரியாரைத்தான் ஐயர்னு சொல்லுவோம்). ஜனங்க ஊர் ஊரா சேர்ந்தாங்க. கிறிஸ்தவங்களானதால ஊரை விட்டுத் துரத்தப்பட்டவங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேத்தறதுக்குன்னே 1830-ல தர்ம சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அந்தப் பரப்புல ரெண்டு திருமண்டலம் (ஒரு பேராயருக்குக் கீழ இருக்கிற சபைகளோட தொகுதி): திருநெல்வேலி ஒண்ணு, தூத்துக்குடி-நாசரேத் இன்னொண்ணு. வரலாறு முடிஞ்சது.

இப்போ ஏலம். நான் இந்த வீடியோவே இதுக்காகத்தான் போடுறேன்.

அறுப்பு முடிஞ்சதும் கடவுளுக்கு நன்றி சொல்றது பைபிள்லயே இருக்கு. உபாகமம் 26-ஐத் திறந்து பாருங்க: நிலத்தோட முதற்பலனை எடுத்து, ஒரு கூடையில வச்சு, கொண்டு போகச் சொல்லுது. இங்கிலாந்துல இப்போ நடக்கிற மாதிரியான அறுப்புப் பண்டிகைக்கு 1843-ல கார்ன்வால் பக்கம் ஹாக்கர்னு ஒரு பாதிரியார் திரும்ப உயிர் குடுத்தார். அங்க கோயிலுக்குள்ள கோதுமைக் கதிர், பூசணிக்காய் எல்லாம் அழகா அடுக்கி வைப்பாங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம ஊர் ஏலத்துல இருக்கிற இந்தச் சத்தம், கிண்டல், போட்டி எல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

என் கணிப்பைச் சொல்றேன். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைச் சுத்துவட்டாரத்துல அந்தக் காலத்துப் பிழைப்பு எது? பனை. ஒருத்தர் நாளைக்கு நாப்பது அம்பது மரம் ஏறணும், அதையும் காலையில ஒரு தடவை, மாலையில ஒரு தடவை. இறக்கின பதநீரை வீட்டுல அம்மா அடுப்புல காய்ச்சி, சிரட்டையில ஊத்திக் கருப்பட்டி ஆக்கணும். சீசன் போனா வேலை போச்சு. கையில காசா புழங்குனது ரொம்பக் குறைவு. வியாபாரிகிட்ட வாங்கின முன்பணமே பாதி கருப்பட்டியத் தின்னுரும்.

அப்படிப்பட்ட வீட்டுல நன்றிக் காணிக்கைன்னு என்ன குடுப்பாங்க? ஒரு சிப்பம் கருப்பட்டி. ஒரு நார்ப்பெட்டி. கொல்லையில வச்ச முருங்கையோட முதல் காய். கோழி இட்ட முட்டை. கோயில் முற்றம் நிறைஞ்சிரும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஐயர் நூத்தம்பது முட்டையும் பதினெட்டுச் சேவலும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்? ஐயருக்கு உதவியா ஊர்ச் சபையைப் பாத்துக்கிற உபதேசியாரோட சம்பளத்தைச் சேவலாவா குடுக்க முடியும்? பொருள் காசாகணும், அதுவும் அழுகுறதுக்கு முன்னாடி. ஏலம் விட்டாத்தான் வழி. காசில்லாதவங்களும் வெறுங்கையோட கோயிலுக்கு வராம இருக்கிறதுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோணல.

இப்போ கணக்கு தலைகீழா மாறுற இடத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

சாதாரண ஏலத்துல எல்லாருக்கும் ஒரே பயம்: "அதிகமா குடுத்துட்டோமோ?" ஜெயிச்சவன்தான் ராத்திரி தூங்காம புரளுவான். கோயில் ஏலத்துல அந்தப் பயமே கிடையாது. அதிகமா குடுக்கத்தானே வந்திருக்காங்க! எலுமிச்சைக்கு விலை வெறும் சாக்கு. "போன வருசம் ஆபரேஷன் ஆகிப் பிழைச்சு வந்தேன்", "மகளுக்கு வேலை கிடைச்சது", "கடன் அடைஞ்சது", இதையெல்லாம் மைக்ல ஏறிச் சொல்ல நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம். அதனால ஒரு சேவல் மேல ஏத்திச் சொல்றாங்க. சேவலுக்கு ஒண்ணும் புரியாது, பாவம், "ரெண்டாயிரத்து நூறு"ன்னு கேட்டதும் கொக்கரிக்கும்.

ஏலம் விடுறவர் யாருங்கிறதைப் பொறுத்துத்தான் வசூலே. சபையில இதுக்குன்னு ஒரு அண்ணாச்சி இருப்பார். மத்த நாள்ல அமைதியான மனுசன், மைக் கைக்கு வந்ததும் வேற ஆளு. யாருக்கு யார் மச்சான், எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் செல்லப் பகை, யார் வீட்டுல புதுசா கார் நிக்குது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. "மச்சான் ஆயிரம் சொல்லிட்டாரு, மைனியப் பாத்துப் பேசுங்க அத்தான்"னு ஒரு வார்த்தை விடுவார், அத்தான் ஆயிரத்து இருநூறுக்குப் போயிருவார். மும்பையில, துபாய்ல இருக்கிறவங்க வீடியோ கால்ல. இந்தப் பக்கம் தம்பி போனைக் காதுல வச்சுக்கிட்டு, "அண்ணன் ரெண்டாயிரம் சொல்லுது!"ன்னு கத்துவான். அண்ணன் அங்க அவ்வளவு சொல்லிச்சாங்கிறது தம்பிக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

இன்னொரு கூத்து. காசை உடனே கட்டணும்னு கட்டாயம் இல்ல. பேரையும் தொகையையும் ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பார், பிறகு கட்டலாம். சிலர் அடுத்த பண்டிகை வரைக்கும் கட்ட மாட்டாங்க. சொல்லிக் காட்டல, சும்மா ஞாபகப்படுத்தறேன். பாக்கி இருக்கிறவங்க வீடியோவை இங்க நிறுத்திட்டு, கணக்கரைப் பாத்துட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கோம்.

சிரிச்சாச்சு. ஆனா எனக்கு இதுல ஒரு மனத்தாங்கலும் உண்டு. போட்டி எல்லை மீறினா, நன்றி சொல்ற இடம் கெத்துக் காட்டுற இடமா மாறிருது. அந்தக் குடும்பம் ஐயாயிரம்னா இந்தக் குடும்பம் ஆறாயிரம். நூறு ரூபாய மடிச்சு வச்சிருக்கிற ஒரு பாட்டி கடைசி வரைக்கும் வாயே திறக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க. யாருக்காக ஆரம்பிச்ச ஏற்பாடு, யார் வாயை அடைக்குது பாருங்க. "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்"னுதான் 2 கொரிந்தியர் 9-ல இருக்கு. உசத்தியாய்க் கொடுக்கிறவனிடத்தில்னு இல்ல. ஏலமே வேண்டாம், கவர்ல போட்டாப் போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா நல்லா நடத்தத் தெரிஞ்ச அண்ணாச்சி, அந்தப் பாட்டி கொண்டு வந்த முட்டையைத்தான் முதல்ல கையில எடுப்பார். அவங்க பேரைச் சொல்லி, அதைத்தான் பெரிய விலைக்கு ஏத்துவார். கவர்ல அது நடக்காது. என் ஓட்டு ஏலத்துக்கு. உங்க ஓட்டைக் கமெண்ட்ல போடுங்க, சண்டை மட்டும் வேண்டாம்.

[திரையில்: அரிசிப் பானை, ஒரு கைப்பிடி அரிசி]

ஏலமாவது வருசத்துக்கு ஒரு நாள். சத்தமே இல்லாம தினமும் நடந்த ஒண்ணு இருக்கு: கைப்பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுறதுக்கு முன்னாடி, அதுல இருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போடணும். சேர்ந்தது கோயிலுக்கு. இதுல என்ன அழகுன்னா, மிச்சம் விழுந்ததை யாரும் குடுக்கல. சோறு ஆகுறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு, வீட்டுல எல்லாரும் ஒரு வாய் குறைச்சுச் சாப்பிட்டாச்சு. காசு ஆம்பளைங்க கையில இருந்த காலத்துல, பொம்பளைங்க யாரையும் கேக்காம குடுக்க முடிஞ்ச காணிக்கையும் இதுதான். மிசோரம்ல 1910-ல இருந்து இதே வழக்கம் இருக்கு, அவங்க 'புஃபாய் தாம்'னு சொல்றாங்க. அந்தச் சபை மிஷனெரிகளை அனுப்புறதுல இந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம ஊர்ல காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம்னு நடத்தினவர்தான். பசிக்கு எதிரா ஒரு பிடிங்கிற யோசனைக்கு மதம் ஏது!

சரி, இந்தக் காசும் அரிசியும் எங்க போச்சு? கோயில் கட்ட, சம்பளம் குடுக்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒண்ணு சொல்றேன்.

வெள்ளாளன்விளைன்னு ஒரு சின்ன ஊர். 1874-ல அங்க பிறந்தவர் அசரியா, ஊர்க் குருவோட மகன். ஒய்.எம்.சி.ஏ.ங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்து வேலையில இருந்தப்ப 1902-ல யாழ்ப்பாணம் போனார். அங்க இருந்த தமிழ்ச் சபையார் கடலைத் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. இவருக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. இத்தனை வருசமா வெள்ளைக்காரங்க அனுப்பினதை வாங்கிக்கிட்டே இருந்த நாம, யாருக்கு என்ன அனுப்பியிருக்கோம்? ஊருக்கு வந்தார், பேசினார். 1903 பிப்ரவரி 12, பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் பிறந்துச்சு. பனையேறிங்க காணிக்கையும் சேர்ந்த காசு. முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன் 1904-ல போய் இறங்கினது நிஜாம் ராஜ்யத்துல, டோர்ணக்கல் பக்கம். சுத்தித் தெலுங்கு. மொழியை முதல்ல இருந்து படிக்கணும்.

அசரியாவும் 1909-ல அங்கேயே போய்ச் சேர்ந்தார். 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி எடின்பரோவுல நடந்த உலக மிஷனெரி மாநாட்டுல, வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைஞ்ச சபையில, "எங்களுக்கு அன்பும் வேணும், நண்பர்களைத் தாருங்கள்"னு முகத்துக்கு நேரா கேட்ட ஆளு. பணம் தர்றீங்க, உயிரைக்கூட தர்றீங்க, எங்களைச் சமமா உக்கார வச்சுப் பேச மாட்டேங்கிறீங்களேங்கிற ஆதங்கம். கூட்டத்துல பல பேருக்குப் பிடிக்கல.

டோர்ணக்கல்ல ஞானஸ்நானம் எடுக்கிற எளிய கிராமத்து ஜனங்களை அவர் ஒண்ணு செய்யச் சொன்னார். தன் தலையில தானே கை வச்சு, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ"ன்னு சொல்லணும். பவுல் சொன்ன வசனம் அது, 1 கொரிந்தியர் 9. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரர், ஊர்ல யாரும் மதிக்காத ஒருத்தர், முதல் நாளே போதகர் பொறுப்புல பாதியை வாங்கிக்கிறார். சீஷத்துவம், அதாவது இயேசுவோட சீஷரா வாழப் பழகுறதுன்னு இன்னைக்கு நாலு மாச வகுப்பு, நோட்டுப் புத்தகம், சான்றிதழ் எல்லாம் வச்சு நடத்துறோம். அதைக் குறை சொல்லல. ஆனா கைக்குழந்தையில நமக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ நம்ம தலையில கை வச்சது ஐயர். நாம வீல்னு அழுதோம், அவ்வளவுதான்.

[திரையில்: பெரிய அண்டா, விறகடுப்பு, புகை]

கடைசியா அசனம், அதாவது பண்டிகையில சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்து. பந்தியைப் பத்திப் பேசாம வீடியோ முடிச்சா ஊருக்குள்ள நுழைய முடியாது. பண்டிகைக்கு நேர்ந்து விட்ட ஆடு, வீட்டுக்கு வீடு வந்த அரிசி. ராத்திரி முழுக்க வெங்காயம் உரிக்கிற கூட்டம், தேங்காய் துருவுற கூட்டம், அடுப்புப் பக்கம் அதிகாரம் பண்ற ஒரே ஒரு சமையல்காரர். சோத்தை வடிச்சு ஓலைப்பாயில மலையா குவிப்பாங்க. ஜெபம் ஆனதும் பந்தி.

இப்படி எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடுறது தானா வந்ததுன்னு நினைக்காதீங்க. 1833-ல கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி கூடாது, உடனடியா, முடிவா விட்டுரணும்னு கடிதம் எழுதினதுக்குத் தஞ்சாவூர்ல நிறையப் பேர் சபையை விட்டே வெளியேறினாங்க. ஒரு வாய்ச் சோத்துக்கும் ஒரு வாய்த் தண்ணிக்கும் நடந்த சண்டை அது. இன்னைக்கும் முழுசா தீர்ந்துருச்சுன்னு நான் சொன்னா நீங்களே சிரிப்பீங்க, கல்லறைத் தோட்டத்துல இருந்து கமிட்டித் தேர்தல் வரைக்கும் அது எட்டிப் பாக்குது. அதனாலதான் எனக்கு அசனத்துல சாப்பிடுறதைவிடப் பரிமாறுறவங்களைப் பாக்கப் பிடிக்கும். கலெக்டர் ஆபீஸ்ல பெரிய வேலையில இருக்கிறவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாளியோட ஓடி வர்றார். "தம்பி, குழம்பு!"ன்னு அவரை அதட்டுறது கட்டட வேலைக்குப் போற ஒரு அக்கா. ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல எனக்குப் பாதி மறந்து போகும், இது மறக்காது.

முதல் தடவை அசனத்துக்குப் போறவங்களுக்கு ரெண்டு டிப்ஸ். முதல் பந்தியில உக்காராதீங்க, குழம்பு இன்னும் தண்ணியா இருக்கும். ரெண்டாவது பந்திதான் கணக்கு. அப்புறம் தூக்குவாளி கொண்டு போறதுல வெக்கமே படாதீங்க, வீட்டுல படுத்திருக்கிற பெரியவங்களுக்குக் குடுத்து விடுறதும் அசனத்துல சேர்த்திதான். உங்க சபையில எந்த மாசம் பண்டிகை, எந்தப் பொருள் அதிகமா போச்சுன்னு கீழ எழுதுங்க. அடுத்த வீடியோவுக்கு இடையன்குடி போறோம். கால்டுவெல் ஐயர் ஒரே கோயிலை ஏன் முப்பது வருசத்துக்கு மேல கட்டிக்கிட்டே இருந்தார்னு பாக்கணும்.