சைக்கிள் மிச்சந்தான், ஆனா வண்டிய வித்துறணும்

நடுவர் ஐயாவுக்கும் நம்ம மதுரை சனங்களுக்கும் வணக்கம். வேலைக்கு சைக்கிள்ல போனா காசு மிச்சமா, இல்ல வெறும் பேச்சாங்கிறது தலைப்பு. மிச்சந்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அக்கா சொன்னாங்க, கியர் சைக்கிள் 20,000 ரூவா, அத பெட்ரோல்ல எடுக்கவே ரெண்டு வருசம் ஆகும்னு. கணக்கு சரிதான்க்கா, ஆனா கியர் சைக்கிள்தான் வாங்கணும்னு யாரு சொன்னா? நான் ஓட்டுறது என் பையன் பதினொண்ணாப்பு படிக்கையில கவர்மெண்டு குடுத்த சைக்கிளு, அவன் காலேஜுக்கு பஸ்ல போக ஆரம்பிச்சதும் மாடிப்படிக்கு அடியில துருப்பிடிச்சு கெடந்துச்சு, ரெண்டு டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை மாத்தி வீல் கோட்டம் எடுத்ததுக்கு 2,000 ரூவா கூட ஆகல.

திருப்பரங்குன்றத்துல இருந்து டி.பி.கே. ரோடு வழியா விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்கு போறேன். போக வர 16 கிலோமீட்டர், மாசம் 26 நாளு, 416 கிலோமீட்டர். இதையே மோட்டார் வண்டியில போனா, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் குடுத்தாலும் எட்டு லிட்டர் பெட்ரோலுக்கு மேல, லிட்டர் 100 ரூவான்னே வச்சுக்கங்க, 830 ரூவா.

சைக்கிள் மிதிச்சா பசிக்கும், அந்தக் காசு டீக்கடைக்கு போயிரும்னாரு இன்னொரு அண்ணன். பசிக்கத்தான் செய்யும். மொத ரெண்டு வாரம் தெனமும் வழியில பருத்திப்பால் குடிச்சேன், அப்புறம் வீட்லயே ரெண்டு இட்லி கூட சாப்டுட்டு கெளம்பிட்டேன், அம்புட்டுத்தான். பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டவுன் பஸ் ஃப்ரீ, அத விட சைக்கிள் மிச்சம்னு நான் சொல்ல மாட்டேன், அது நியாயமில்ல.

ஆனா பெட்ரோல் சின்னக் காசுய்யா. மொத ஆறு மாசம் வண்டியவும் வச்சுக்கிட்டு சைக்கிளும் ஓட்டுனேன். வாசல்ல சும்மா நின்ன வண்டிக்கு பேட்டரி செத்துப்போச்சு, புதுசு போட்டேன். 150 சிசிக்குள்ள இருக்குற என் வண்டிக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வருசத்துக்கு 714 ரூவா, ஜிஎஸ்டி தனி, ஓட்டுனாலும் ஓட்டலன்னாலும் கட்டணும், புகை சர்டிபிகேட் வேற. மிச்சம் புடிச்சதுல பாதிய நின்ன வண்டியே தின்னுருச்சு. அக்கா சொல்ற மிச்சமில்லாத கதை இதுதான், ரெண்டையும் வச்சிருக்கவங்க கதை.

சைக்கிளுக்கு என்ன செலவு? போன மாசம் பழங்காநத்தத்துல பஞ்சர். கடைக்கார பெரியவரு ட்யூப தண்ணித் தொட்டியில அமுக்கி முட்டை வர்ற எடத்த விரலால புடிச்சாரு, உப்புத்தாள் போட்டு தேச்சாரு, சொல்யூஷன் தடவி ஊதி ஊதி காயவச்சு ஒட்டுனாரு, பத்து நிமிசம், 30 ரூவா. அந்த மாசத்துக்கே அம்புட்டுத்தான் செலவு.

அதான் வண்டிய வித்துட்டேன். 32,000 ரூவா வந்துச்சு, அடகுல கெடந்த செயினத் திருப்புனோம். அதப் போட்டுக்கிட்டு எங்க வீட்டம்மா இந்தா மூணாவது வரிசையில உக்காந்திருக்காக. தீர்ப்ப நீங்க சொல்லுங்கய்யா.