பிணங்களைக் கடலில் எறிந்த படை

நடுவர் ஐயா அவர்களே, முன்னுக்குப் பாயில் இருக்கிற பிள்ளைகளே, சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று கேட்கிற அண்ணைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கைப் போரில் படைபலம் மிக்கது இராவணன் படையா, சுக்கிரீவன் படையா என்பது தலைப்பு. யாழ்ப்பாணத்து மேடையில் வானரப் படைக்காகக் கதைக்க ஏறுவது லேசான காரியம் இல்லை. இராவணன் எங்கள் ஆள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே பாறைப் பிளவாக இருக்கிற இராவணன் வெட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கன்னியா வெந்நீரூற்றையும் அவன் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறோம். சற்று முன் எதிரணித் தலைவருக்கு விழுந்த கைதட்டலில் பாதி அவருக்கு, மீதி இராவணனுக்கு. பாசம் இருக்கட்டும், படையைப் பார்ப்போம். கம்பன் சில இடங்களில் வேறு மாதிரிச் சொல்வான். நான் இன்று வான்மீகி கணக்கிலேயே நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் இலங்கைக் கோட்டையை வடிவாக வர்ணித்தார். முதலை நிறைந்த அகழி, கல்லெறியும் பொறிகள், பகைவர் நெருங்கினால் அவர்களை அகழிக்குள் தள்ளிவிடும் பாலங்கள். கிழக்கு வாயிலில் 10,000 அரக்கர், தெற்கில் ஒரு இலட்சம், மேற்கில் அதைப்போலப் பத்து மடங்கு, வடக்கில் அதற்கும் மேலே. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை வான்மீகி யார் வாயால் சொல்கிறார் என்பதை அண்ணை சொல்லாமல் விட்டுவிட்டார். சொன்னவன் அனுமன்! படை புறப்படும் முன்பே இராமனிடம் அவன் ஒப்புவித்த கணக்கு அது. கடைசியில், அந்தப் பாலங்களை உடைத்தாயிற்று, அகழியைத் தூர்த்தாயிற்று, ஊரையும் எரித்தாயிற்று என்று வேறு சொல்கிறான். எதிரணி நம்பி நிற்கிற முதல் ஆதாரமே எங்கள் உளவாளி கொண்டுவந்தது, ஐயா.

இலங்கையின் உளவு எப்படி இருந்தது? சுகனும் சாரணனும் குரங்கு வேடம் போட்டு வந்தார்கள். வீடணன் கண்டுபிடித்துக் கொடுத்தான். இராமன் அவர்களைக் கொல்லவில்லை. வந்தது வந்தீர்கள், படையை முழுக்கப் பார்த்துவிட்டே போங்கள், விட்ட இடம் இருந்தால் வீடணன் காட்டுவான் என்று அனுப்பிவிட்டான். அவர்களும் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அதற்கு இராவணன் கொடுத்த பரிசு, என் முன்னால் நிற்காதே என்ற ஏச்சு. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அடுத்துப் பேசிய தங்கச்சி கெட்டிக்காரி. இராமனையும் இலக்குவனையும் எடுத்துவிட்டால் மிச்சம் கல்லும் மரமும்தானே என்று கேட்டார். நல்ல கேள்வி. தூம்ராட்சன் வந்தான், அனுமன் மலைச்சிகரத்தைத் தூக்கிப் போட்டு முடித்தான். வச்சிரதம்ஷ்டிரன் தலையை அங்கதன் வாளால் எடுத்தான். அகம்பனை அனுமன் மரத்தால் அடித்துக் கொன்றான். பிறகு வந்தவன் பிரகஸ்தன், இலங்கையின் படைத்தலைவன். அவன் தலையில் பாறையைப் போட்டவன் நீலன். வரிசையாக நாலு தளபதிகள், இராமனின் அம்பு ஒன்றுகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கல்லும் மரமும்தான், தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன்.

அணை கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும், நீட்டமாட்டேன். ஒரே ஒரு விஷயம். நூறு யோசனைத் தூரம், ஐந்து நாள் வேலை. முதல் நாள் 14 யோசனை, பிறகு நாளுக்கு 20, 21, 22, 23. குரங்குகள் கண்டபடி கல்லைக் கொட்டவில்லை, சிலர் நூல் பிடித்து நின்றார்கள் என்கிறார் வான்மீகி. நாளுக்கு நாள் வேகம் கூடியிருக்கிறது, பாருங்கள். களைத்துப்போகிற கூட்டமா இது?

இனி எங்கள் அணிக்குக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இந்திரசித்துக்கு நிகராக எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. முதலில் இராமனையும் இலக்குவனையும் நாகபாசத்தால் கட்டினான். இரண்டாம் முறை பிரம்மாத்திரம் விட்டான். 67 கோடி வானரர் ஒரே பகலில் விழுந்தார்கள். இராமனும் இலக்குவனும் விழுந்தார்கள். உலகத்தில் வேறு எந்தப் படையாக இருந்தாலும் அன்றோடு கதை சரி.

அன்று இரவு நடந்ததைப் பாருங்கள். எழுந்து நடக்கக்கூடியவர்கள் வீடணனும் அனுமனும்தான். இருவரும் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு விழுந்துகிடந்தவர்களுக்கு நடுவே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். கிழவன் சாம்பவானைத் தேடுகிறார்கள். உடம்பெல்லாம் அம்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை. வீடணனைக் குரலை வைத்தே அடையாளம் காண்கிறான். அவன் கேட்ட முதல் கேள்வி, அனுமன் உயிரோடு இருக்கிறானா? வீடணனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இராமனை விசாரிக்காமல் அனுமனைக் கேட்கிறீரே என்றான். அனுமன் இருந்தால் செத்த படையும் பிழைக்கும், அவன் இல்லாவிட்டால் உயிரோடு இருந்தும் செத்தவர்கள்தான் என்றான் கிழவன். உடனே இமயத்துக்கு வழி சொல்லி, நாலு மூலிகையின் பெயரும் சொன்னான். போன இடத்தில் மூலிகைகள் ஒளிந்துகொள்ள, அனுமன் மலையையே பிடுங்கி வந்தான். மணம் பட்டது, விழுந்தவர்கள் எழும்பினார்கள். எழும்பிய கையோடு சுக்கிரீவன் பந்தங்களைக் கொடுத்து அந்த இரவே இலங்கைக்குள் ஏவிவிட்டான்!

சரி, அந்த மூலிகை மணம் அரக்கருக்கும் பட்டிருக்க வேண்டுமே? களம் ஒன்றுதானே, காற்றும் ஒன்றுதானே. ஒரு அரக்கன்கூட எழும்பவில்லை. ஏன் தெரியுமா? போர் தொடங்கிய நாளிலிருந்து, செத்த அரக்கரை உடனுக்குடன் கடலில் எறியச் சொல்லி இராவணன் கட்டளை. மானத்துக்காக என்கிறார் வான்மீகி. இழப்பு வெளியே தெரியக்கூடாது. உளவு பார்த்து உண்மை சொன்ன சாரணனைத் துரத்தியவனும் இவன்தானே, ஐயா! எங்கள் பக்கம் குருடாகக் கிடந்த ஒரு கிழவனைத் தேடிப் பந்தம் பிடித்து நடந்தார்கள். அவர்கள் பக்கம் தேடிப் பார்ப்பதற்கே ஆள் மிச்சமில்லை, எல்லாம் கடலுக்குள்.

தம்பி மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் மூலபலத்தை, அதாவது இராவணன் கடைசிவரை கையிருப்பில் வைத்திருந்த படையை, தூக்கிக்கொண்டு வரப்போகிறார், எனக்குத் தெரியும். 10,000 தேர், 18,000 யானை, 14,000 குதிரை, இரண்டு இலட்சம் காலாள். அதை இராமன் தனியாக அல்லவா அழித்தான், வானரருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பார். தாராளமாகக் கேட்கட்டும். அந்த எண்களைச் சொல்லும்போது, இந்திரசித்து உயிரோடு நின்று அடித்த நாட்களில் அந்தப் படை எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.